மூன்று பிளேட்டுகளும் ஒரு ரௌட்டர் மேசையும்

சமதளம் ஒன்று வேண்டும். அதைச் சரிபார்க்க வேறொரு சமதளம் கையில் இல்லை. இந்த நெருக்கடிக்குப் பட்டறை உலகம் கண்ட இரண்டு விடைகளை இங்கே அருகருகே வைக்கிறேன். முதலாவது, 1840-இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அசோசியேஷனில் ஜோசப் விட்வொர்த் வாசித்த கட்டுரையில் விளக்கம் பெற்றது: மூன்று வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட்டுகளை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று பொருத்தி, மேடு தெரிந்த இடத்தை மட்டும் கையால் சுரண்டுவது. இரண்டாவது, சி.என்.சி. ரௌட்டர் ஒன்றைப் புதிதாக நிறுவும் எவரும் முதலில் செய்வது: மேசைமேல் எம்.டி.எஃப். பலகையைத் திருகி, அகலமான கட்டர் ஒன்றை மாட்டி, இயந்திரத்தைக் கொண்டே அதன் மேசையை இழைத்துக்கொள்வது.

வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் உறவே இல்லை. அங்கே இரும்பு, இங்கே பிசினில் இறுகிய மரத்தூள். அங்கே மைக்ரான் கணக்கு. இங்கே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பலருக்கு நிறைவு. அங்கே பல நாள் கைவேலை. இங்கே ஒன்றிரண்டு மணி நேர மோட்டார் ஓட்டம். ஆயினும் பிழை எங்கே பிறக்கிறது, எப்படி வெளிப்படுகிறது, எங்கே ஒளிந்துகொள்கிறது என்று கேட்கத் தொடங்கினால் இரண்டும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகளாகத் தெரிகின்றன. அவற்றுக்குப் பொதுவாக உள்ள ஒரு குறைதான் என்னை இந்த ஒப்பீட்டுக்கு இழுத்தது. அதற்கு வருமுன் இரண்டின் நடைமுறையையும் எடைபோட வேண்டும்.

பிளேட் முறையில் பிழைக்குச் சாட்சி நிறப்பூச்சு. ஒரு முகத்தில் எண்ணெயில் குழைத்த நிறத்தை மெல்லப் பூசி, மற்றொன்றை அதன்மேல் வைத்துத் தேய்த்து எடுத்தால், தொட்ட இடங்களில் நிறம் ஒட்டியிருக்கும். அக்காலத்தில் சிவப்பு, இக்காலத்தில் பெரும்பாலும் பிரஷ்யன் நீலம். நிறம் பட்ட இடம் மேடு. அதைச் சில மைக்ரான் சுரண்டிவிட்டு மறுபடி பொருத்த வேண்டும். முதலில் மூன்று நான்கு இடங்களில் மட்டும் தொட்ட முகங்கள், வேலை முன்னேற முன்னேற ஒரு சதுர அங்குலத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகளில் தொடும்.

ரௌட்டர் முறையில் பிழைக்குச் சாட்சி கட்டர்தான். மேசையை இழைத்து முடித்ததும் விளக்கைத் தாழ்வாகப் பிடித்தால், உழுத வயலைப்போல் வரிவரியாகத் தெரியும் தடங்கள் எல்லாமே வாக்குமூலங்கள். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் இயந்திர ஓட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கவில்லை என்பதை டயல் கேஜ் சொல்லும் முன்பே அவை சொல்லிவிடுகின்றன. பிளேட் செய்பவரிடம் வெட்டும் கருவி வேறு, காட்டும் பூச்சு வேறு. ரௌட்டர்காரரிடம் வெட்டுவதும் காட்டுவதும் ஒன்றே. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் கட்டரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. எனவே இங்கே சற்று நின்று கணக்குப் போடுவோம்.

ஸ்பிண்டிலில் கம்பி ஒன்றைக் கட்டி அதன் முனையில் டயலை மாட்டி, 200 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சுற்றும்போது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 0.2 மி.மீ. வேறுபாடு வருகிறது என்று கொள்வோம். சாய்வு ஆயிரத்தில் ஒன்று. 50 மி.மீ. கட்டரை மாட்டி, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 20 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால், சாய்வு அந்த நகர்வின் திசையிலேயே இருக்கும்போது, அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே 0.02 மி.மீ. படி விழும். நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவு இது. 25 மி.மீ. கட்டரும் 10 மி.மீ. நகர்வும் என்றால் படி 0.01 ஆகக் குறையும். 6 மி.மீ. பிட்டும் 3 மி.மீ. நகர்வும் என்றால் 0.003; கை உணராது. மூன்றிலும் சாய்வு என்னவோ அதேதான். படியைத் தீர்மானிப்பது நகர்வே. அகலமான கட்டர் பெரிய நகர்வுக்கு இடம் தருவதால்தான் படியும் பெரிதாகிறது.

ஆகவே சிறிய பிட்டால் இழைத்து வழவழப்பான மேசையைப் பெற்றவர் சாய்வைத் திருத்திவிடவில்லை. அது கண்ணில் படாமல் செய்துவிட்டார். பின்னொரு நாள் 75 மி.மீ. தடிமனுள்ள மரத்தின் விளிம்பை வெட்டும்போது அதே சாய்வு 0.075 மி.மீ. கோணலாக வெளியே வரும். அகலமான கட்டரை நான் விரும்புவது நேரம் மிச்சமாவதற்காக மட்டும் அல்ல. அது பொய் சொல்வதில்லை என்பதற்காகவும்தான்.

சாய்வு ஓட்டத்தின் திசையிலேயே இருந்தால் நிலைமை வேறு. அப்போது கட்டர் படியை விடுவதில்லை. ஒவ்வொரு பட்டையையும் மிக மெல்லிய குழிவாக வெட்டுகிறது. மேற்சொன்ன 50 மி.மீ. கட்டருக்கும் 20 மி.மீ. நகர்வுக்கும் இந்தக் குழிவின் ஆழம் ஏறத்தாழ 0.002 மி.மீ., அதாவது படியின் பத்தில் ஒரு பங்கு. எனவே எக்ஸ் திசையில் ஓடினால் ஒய் சாய்வு தெரியும். ஒய் திசையில் ஓடினால் எக்ஸ் சாய்வு தெரியும். பலகையின் மூலையில் இரண்டு சிறு சதுரங்களை, ஒன்றை எக்ஸ் ஓட்டத்திலும் மற்றொன்றை ஒய் ஓட்டத்திலும் இழைத்துப் பார்த்தால் இரு சாய்வுகளும் தனித்தனியே வந்து நிற்கும். ஒவ்வொரு பட்டையும் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக ஸ்பிண்டிலின் தலை சாய்ந்திருக்கிறது என்று பொருள். பக்கவாட்டுச் சாய்வென்றால் பிடிப்புத் தட்டின் திருகுகளைத் தளர்த்திச் சற்றே சுழற்றினால் போதும். முன்பின் சாய்வென்றால் தட்டுக்குப் பின்னால், மேலோ கீழோ, மெல்லிய பித்தளை ஷிம் செருக வேண்டும்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டும். நிறப்பூச்சு தடிமனாகிவிட்டால் பள்ளத்திலும் ஒட்டிக்கொண்டு மேடென்று பொய்த் தகவல் தரும். சுரண்டுபவர் அதை மேலும் மேலும் மெலிதாக்கிக்கொண்டே போவார். அகலமான கட்டரும் அப்படியே. ஸ்பிண்டிலைச் சுமக்கும் குறுக்குப் பாலமான காண்டிரி மெலிந்திருந்தால், கட்டர் தள்ளும் விசையால் தலை சற்று விலகி, சாய்வே இல்லாத இடத்திலும் தடம் விழலாம். ஆழத்தைக் கூட்டாமல் அதே பாதையில் இன்னொரு முறை ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும்: தடம் மங்கினால் அது வளைவு, மங்காவிட்டால் சாய்வு.

கட்டரில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. எம்.டி.எஃப்.-இன் பிசின் ஹை ஸ்பீடு ஸ்டீல் விளிம்பை விரைவில் மழுக்கிவிடும், கார்பைடு தேவை. சுழலும் தலையில் சதுர இன்செர்ட்டுகள் பொருந்திய கட்டர் என்றால் ஒவ்வோர் இன்செர்ட்டையும் திருப்பித் திருப்பி நான்கு விளிம்புகளிலும் பயன்படுத்தலாம். ஆனால் அது உட்காரும் இடத்தில் தூசி ஒட்டியிருந்தால் ஒன்று மட்டும் தாழ்ந்து நின்று, முழு வேலையையும் தானே செய்யும். 6 மி.மீ. தண்டு மட்டுமே ஏற்கும் சிறிய ரௌட்டருக்கு 25 மி.மீ. கட்டரே எல்லை என்பேன். 50 மி.மீ. கட்டரை 18,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு நொடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். கட்டரில் பொறித்துள்ள உச்சச் சுற்றெண்ணை மீறவே கூடாது. மில்லிங் இயந்திரத்துக்கான ஒற்றைப்பல் ஃப்ளை கட்டரை ரௌட்டர் வேகத்தில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

இப்போது இரண்டுக்கும் இடையிலான முதல் ஆழமான ஒற்றுமை. ஸ்பிண்டிலைச் செங்குத்தாக்க டயல் தொடும் தளம் மட்டமாக இருக்க வேண்டும். தளத்தை மட்டமாக்க ஸ்பிண்டில் செங்குத்தாக இருக்க வேண்டும். கோழியா முட்டையா என்ற இந்தச் சிக்கலில் பலர் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். கண்ணாடி தன்னளவில் மட்டமானதாகவே இருக்கலாம். ஆனால் அது படுத்திருக்கும் மேசை இயந்திர ஓட்டத்துக்கு இணையாக இல்லை என்றால், நாம் ஸ்பிண்டிலை மேசைக்குச் செங்குத்தாக்கி ஓட்டத்துக்குச் சாய்வாக்கிவிடுவோம்.

நேர்த்தியான வழி வேறு. மேசையின் ஒரே ஒரு புள்ளியில் சிறு கட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். டயல் கம்பியை இடப்பக்கம் திருப்பி, முனை கட்டையைத் தொடுமாறு இயந்திரத்தை நகர்த்திக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்பியை வலப்பக்கம் திருப்பி, இயந்திரத்தை 200 மி.மீ. நகர்த்தி, அதே கட்டையை அதே இடத்தில் தொடவைக்க வேண்டும். தொடுவது ஒரே புள்ளி. ஆகவே மேசையின் மேடுபள்ளம் கணக்கிலேயே வராது. இரண்டு அளவுகளின் வேறுபாடு ஸ்பிண்டிலுக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான சாய்வைச் சொல்கிறது. எதையும் மட்டம் என்று முன்கூட்டி நம்பாமலே உண்மையைப் பெற்றாயிற்று.

மூன்று பிளேட்டுகளின் அழகும் இதுவேதான். இரண்டு பிளேட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால் ஒன்று குவிந்தும் மற்றது அதே அளவு குழிந்தும் போய், இடைவெளியே இல்லாமல் பொருந்திக்கொள்ளும். மூன்றாவது வந்ததும் இந்தச் சதி கலைகிறது. முதலாவது குவிவென்றால் இரண்டாவது குழிவு. இரண்டாவது குழிவென்றால் மூன்றாவது குவிவு. அப்படியானால் முதலாவதும் மூன்றாவதும் இரண்டு குவிவுகளாக எதிரெதிரே வந்து நடுவில் மட்டும் தொடும். மூன்று இணைகளும் பொருந்த வேண்டுமானால் குவிவும் குழிவும் மூன்றிலும் இல்லாமல் போவதைத் தவிர வழி இல்லை. ரௌட்டரில் கம்பியைத் திருப்பினோம். இங்கே இணையை மாற்றினோம். தெரிந்த சரியோடு ஒப்பிட்டுப் பிழையைக் காண்பது இரண்டிலும் இல்லை. ஒரே பிழையை இரு நிலைகளில் நிறுத்தி, அது தன்னைத்தானே காட்டிக்கொள்ளச் செய்வதுதான் இரண்டும்.

இந்த முறையின் பெருமை யாருக்கு என்பதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1825-இல் லண்டனுக்குச் சென்ற விட்வொர்த் வேலை பார்த்தது ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில். அங்கே பணியாளர்களின் மேசைகளில் சமதளப் பிளேட்டுகள் இருந்தன என்று, அதே பட்டறையில் பயின்ற ஜேம்ஸ் நாஸ்மித் 1883-இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில் நினைவுகூர்கிறார். விட்வொர்த்தின் தனிப் பங்கு என்று நான் கருதுவது எமரிப் பொடி இட்டுத் தேய்ப்பதை அவர் கைவிட்டதைத்தான். தேய்க்கும்போது பொடி முகம் முழுவதும் ஒரே சீராக வேலை செய்வதில்லை. எந்த இடம் தேய வேண்டும் என்று நாம் அதற்குக் கட்டளையிட முடியாது. சுரண்டும் கருவியான ஸ்கிரேப்பரோ காட்டிய இடத்தை மட்டும் தொடும்.

இங்கேதான் இரண்டு முறைகளும் எதிர்த்திசையில் பிரிகின்றன. ஸ்கிரேப்பர் ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியே தீர்ப்பளித்து நீக்குகிறது. ரௌட்டரின் கட்டரோ மேட்டையும் பள்ளத்தையும் அறியாது. தன்னைத் தாங்கும் ரெயில்கள் எந்த வடிவில் போகின்றனவோ அந்த வடிவைப் பலகையில் எழுதிவிட்டுப் போகிறது. காண்டிரி ஸ்பிண்டிலின் எடையால் நடுவில் 0.1 மி.மீ. தொய்ந்தால் மேசையும் நடுவில் 0.1 மி.மீ. குழியும். முன்னது திருத்தம், பின்னது பிரதி.

பிரதி என்றதும் தாழ்வாக நினைக்க வேண்டாம். மேசை தட்டையாக இருக்க வேண்டும் என்பதைவிட, அது கட்டரின் ஓட்டத்துக்கு எங்கும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்பதே ரௌட்டர்காரரின் முதல் தேவை. மேசைமேல் படிந்து படுத்துக்கொள்ளும் மெல்லிய பிளைவுட்டில் எழுத்துகளைக் குடையும்போது, தொய்வு மேசையிலும் இருக்கிறது, ஓட்டத்திலும் இருக்கிறது. ஆகவே ஆழம் எங்கும் சமமாகவே வரும். உண்மையான சமதளத்தைக் கருங்கல்லில் செய்து அந்த இயந்திரத்தில் பதித்தால் வேலை கெட்டுப்போகும். பிளேட்டுக்குத் தட்டை என்பதே இறுதி இலக்கு. ரௌட்டர் மேசைக்கு இணைவு இலக்கு, தட்டை அதற்கு அடுத்த படி. ஒன்றின் அளவுகோலால் மற்றதைக் குறைசொல்வது நியாயமில்லை.

ஆனால் தட்டை தேவைப்படும் வேலைகளும் ரௌட்டருக்கு வருகின்றன. தடித்த மரப்பலகையின் முகத்தை இழைத்து இன்னொன்றோடு ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே இயந்திரத்தில் இழைத்த இரண்டு முகங்களை எதிரெதிரே வைத்தால் 0.1 மி.மீ. குழிவும் 0.1 மி.மீ. குழிவும் சேர்ந்து 0.2 மி.மீ. இடைவெளியாகும். இரட்டிப்பான அந்த இடைவெளி நல்ல செய்தி. இயந்திரத்தின் பிழையை இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியாக அந்த இரண்டு துண்டுகளும் மாறிவிட்டன. பிளேட் முறையில் முதலாவதும் மூன்றாவதும் இரண்டு குவிவுகளாக எதிர்ப்பட்டது நினைவிருக்கும். அதே நிகழ்ச்சி இங்கே மரத்தில் நடக்கிறது. ரௌட்டர் வைத்திருப்பவரிடம், அவர் அறியாமலே, விட்வொர்த்தின் சோதனைச்சாலை இருக்கிறது.

இனி நான் முதலில் குறிப்பிட்ட பொதுக் குறைக்கு வருவோம். குவிவு, குழிவு என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வகைப் பிழை ஒன்று உண்டு: முறுக்கு. தச்சர்கள் பலகை முறுக்கிக்கொண்டது என்று சொல்வார்களே, அது. எதிரெதிர் மூலைகள் இரண்டு உயர்ந்து, மற்ற இரண்டு தாழ்ந்திருக்கும்.

மூன்று பிளேட்டுகளும் ஒரே அளவில், ஒரே திசையில் முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று கொள்வோம். ஒன்றைக் கவிழ்த்து மற்றொன்றின்மேல் வைக்கும்போது அதன் உயர்ந்த மூலைகள் கீழே உள்ளதன் தாழ்ந்த மூலைகளுக்கு நேராக வந்து உட்காரும். இடைவெளியே இராது. முதலாவதும் இரண்டாவதும் பொருந்தும். இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தும். முதலாவதும் மூன்றாவதும் பொருந்தும். நிறப்பூச்சு முகம் முழுவதும் சீராகப் பரவி, எல்லாம் தட்டை என்று சத்தியம் செய்யும். மூன்றும் தட்டை அல்ல. அரைவட்டம் திருப்பி வைத்தாலும் இந்த மோசடி வெளிப்படாது. கால்வட்டம், அதாவது 90 பாகை திருப்பினால்தான் உயர்ந்த மூலைமேல் உயர்ந்த மூலை வந்து நின்று பிளேட் தள்ளாடும். சதுரப் பிளேட்டுகளில் இதை முழுமையாகச் செய்யலாம் என்பது அந்த வடிவத்துக்கு ஒரு தனிச் சிறப்பு.

ரௌட்டருக்குத் திரும்புவோம். ஒய் ரெயில்கள் இரண்டில் ஒன்றின் ஒரு முனை மட்டும் 0.4 மி.மீ. உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ரெயிலும் தன்னளவில் நேர்க்கோடு, காண்டிரியும் நேர்க்கோடு. ஆனால் காண்டிரி முன்னிருந்து பின்னே போகப் போக மெல்லச் சாய்கிறது. அது வரையும் தளம் முறுக்குத் தளம். இந்தத் தளத்தின் விந்தை, எக்ஸ் திசையில் ஸ்டிரெய்ட் எட்ஜ் வைத்தால் எங்கும் ஒளி புகாது. ஒய் திசையில் வைத்தாலும் புகாது. இரு திசையிலும் முழுக்க நேர்க்கோடுகளாலேயே நெய்யப்பட்ட வளைந்த தளம் அது. ஸ்பிண்டிலின் சாய்வு விடுவதுபோன்ற கண்ணில் படும் படிகளையும் இது விடுவதில்லை. மேசையை இழைத்தவர் நீளத்திலும் அகலத்திலும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.

மூலைவிட்டத்தில் வைத்தால் மட்டும் தளம் உண்மையைச் சொல்லும். ஒரு மீட்டர் சதுர மேசையில் மேற்சொன்ன 0.4 மி.மீ. முறுக்கு இருந்தால், ஒரு மூலைவிட்டத்தின் நடுவில் ஸ்டிரெய்ட் எட்ஜுக்கு அடியே 0.1 மி.மீ. இடைவெளி தெரியும்; மற்றதன் நடுவில் அதே அளவு மேடு நின்று ஸ்டிரெய்ட் எட்ஜை ஆடவைக்கும். ரெயில்களின் நான்கு முனைகளிலிருந்து மெல்லிய தூண்டில் நரம்பு இரண்டைக் குறுக்காக இழுத்துக் கட்டினால், நடுவில் அவை 0.2 மி.மீ. விலகி நிற்கும், அல்லது ஒன்றையொன்று அழுத்தும். மேலே போன நரம்பைக் கீழாக மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு முறையும் தொட்டும் தொடாமலும் இருந்தால் முறுக்கு இல்லை.

முறுக்கு விஷயத்தில் இரண்டு முறைகளும் காட்டும் ஒற்றுமை தற்செயலானது அல்ல. ரௌட்டரில் இழைத்த இரண்டு சதுரத் துண்டுகளை எதிரெதிரே கவிழ்த்தாலும் அதே கதைதான்: குழிவு இரட்டிப்பாகித் தெரியும், முறுக்கு முற்றிலும் மறையும், கால்வட்டம் திருப்பினால் முறுக்கும் இரட்டிப்பாகி எழும். இரும்பும் எம்.டி.எஃப்.-உம், கையும் மோட்டாரும், 1840-உம் இன்றும் இவ்வளவு வேறுபட்டிருந்தும், அடியில் இருக்கும் வடிவக் கணிதம் ஒன்று. எதைக் கவிழ்த்து எதன்மேல் வைத்தாலும் சமச்சீர் எதை மறைக்குமோ அதை மறைத்தே தீரும். கருங்கல் பிளேட்டுகளை அளந்து சான்றளிக்க 1955-இல் ஜே. சி. மூடி வகுத்த முறையிலும் விளிம்புகள் நான்கு, நடுக்கோடுகள் இரண்டு ஆகியவற்றோடு மூலைவிட்டங்கள் இரண்டும் இடம்பெறுகின்றன. பிரிட்டிஷ் கொடியின் கோடுகளைப் போன்ற அந்த அமைப்பில், மூலைவிட்டங்களை அளந்துதான் வேலையே தொடங்குகிறது.

பொருளின் நடத்தையில் இரண்டும் தூரத்து உறவுதான். வார்ப்பிரும்புப் பிளேட்டைச் சுரண்டும் முன் பழக விட்டு உள்ளிறுக்கம் தணியச் செய்வார்கள். அடியில் விலா எலும்புகள் வார்த்து மூன்று புள்ளிகளில் நிறுத்துவார்கள். எம்.டி.எஃப். பலகைக்கு எதிரி ஈரப்பதம். அதன் இரு முகங்களிலும் அடர்த்தியான தோல் உண்டு. மேல்முகத்தை மட்டும் இழைத்தால் அந்தப் பக்கம் ஈரம் எளிதில் புகுந்து பலகை வளையும். ஆகவே திருகும் முன் அடிமுகத்தையும் மெல்ல இழைத்துவிட வேண்டும். வெப்பம் இருவருக்கும் பொதுப்பகை. கைச்சூடு பட்ட பிளேட் பொய் சொல்லும். குளிர்ந்த ஸ்பிண்டிலோடு தொடங்கிய மேசையும் அப்படியே. 1220-க்கு 2440 மி.மீ. மேசையை 25 மி.மீ. கட்டரால், 10 மி.மீ. நகர்வில், நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் இழைத்தால் ஏறத்தாழ 100 நிமிடம் ஆகும். அதற்குள் ஸ்பிண்டில் சூடேறி நீண்டு, கடைசிப் பட்டை முதல் பட்டையைவிடத் தாழ்ந்துவிடும். கட்டர் தொடும் முன் ஸ்பிண்டிலைக் கால் மணி நேரம் சும்மா ஓடவிடுவது வீண் அல்ல.

ஆயுளில் இருவரும் இரு துருவம். பிளேட் தலைமுறைகளுக்கு நிற்கும், எம்.டி.எஃப். மேசை தழும்பு ஏற ஏற மீண்டும் மீண்டும் இழைபட்டு, மெலிந்து, ஒரு நாள் குப்பைக்குப் போகும். பிளேட் தன்னைக் காக்க வேலையை விலக்கி நிற்கிறது. மேசை வேலையைக் காக்கத் தன்னைக் கொடுக்கிறது.

இரண்டுக்கும் இடையே ஒப்புமை மட்டுமல்ல, வம்சாவளியும் உண்டு. ரௌட்டரைத் தாங்கும் லீனியர் ரெயில் ஒரு கிரைண்டிங் இயந்திரத்தில் தேய்க்கப்பட்டது; அந்த இயந்திரத்தின் வழித்தடங்கள் ஏதோ ஒரு பிளேட்டோடு ஒப்பிட்டே நேராக்கப்பட்டவை; அந்தப் பிளேட்டின் மூலத்தைத் தேடிப் போனால் வேறெதையும் பார்த்துச் செய்யாத பிளேட்டுகளில் போய் நிற்போம். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் ஜிக் போரிங் இயந்திரங்கள் செய்த குடும்பத்தைச் சேர்ந்த வேன் மூர் 1970-இல் எழுதிய இயந்திரத் துல்லியம் பற்றிய நூலும் சமதளத்தைத்தான் முதல் அடித்தளமாக வைக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று பலகையை இழைக்கும்போதும் நாம் அந்தச் சொத்திலிருந்துதான் செலவழிக்கிறோம்.

எது மேல் என்று கேட்டால், அதனதன் களத்தில் அதுவதுவே என்பது என் தீர்ப்பு. ஆனால் கடன் வாங்க வேண்டியவர் ரௌட்டர்காரர்தான். மேசையை இழைத்து முடித்த கையோடு ஒரு வேலை செய்யுங்கள். 300 மி.மீ. சதுரமாக, வளையாத தடிமனில், இரண்டு மரத்துண்டுகளை அதே கட்டரால் முகம் இழைத்தெடுங்கள். இரண்டையும் மேசையில் அதே இடத்தில் வைத்தே இழையுங்கள்; எந்த விளிம்பு உங்களைப் பார்த்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே கவிழ்த்து விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். பிறகு ஒன்றை மட்டும் கால்வட்டம் திருப்பி மறுபடி பிடியுங்கள். முதல் நிலையில் ஒளி தெரிந்தால் காண்டிரியின் தொய்வையோ ரெயிலின் வளைவையோ பாருங்கள். இரண்டாம் நிலையில் மட்டும் தெரிந்தால் கட்டரையும் ஸ்பிண்டிலையும் தொடாதீர்கள். ஒய் ரெயிலின் முனையில் ஷிம் வையுங்கள், நரம்பு கட்டிச் சரிபாருங்கள், அதன் பிறகு மேசையை இன்னொரு முறை இழையுங்கள்.